கொரிய இளவரசனுக்குச் சோதிலிங்கத்தின் குரல்

புலம்பெயர்ந்து வந்து ஒனிஹங்காத் தொழிற்சாலையில் பிஸ்கட் பெட்டிகளுக்கு லேபல் ஒட்டும் சோதிலிங்கத்துக்கு வருடத்தில் ஒருநாள்தான் மரியாதை. தமிழர் கலைவிழா நாடகத்தில் அவர்தான் எப்போதும் அரசன். வயது நாற்பத்திநாலு, வயிறு அவருக்கு ஒரு அடி முன்னே மேடைக்கு வரும். மீசை கழன்று விழுந்தாலும் வசனம் தடுக்காது. ஒருமுறை விழுந்த மீசையை வாள் நுனியில் குத்தி எடுத்துக்கொண்டே போர் அறிவித்த ஆள்.

தொண்ணூற்றாறாம் ஆண்டு விழாவுக்காக அவர் நாள் எண்ணியதற்குக் காரணம் வேறு. மனைவி உஷா முதல் தடவையாக இளவரசியாக நடிக்கச் சம்மதித்திருந்தாள். அவர்களுடைய கலியாணம் கொழும்பில், விசா அவசரத்தில், பதிவாளரின் மேசையில் பத்து நிமிடத்தில் முடிந்தது. மாலையும் இல்லை, மேளமும் இல்லை. கையெழுத்துப் போட்ட பேனைகூட பதிவாளருடையது. நாடகத்தின் கடைசிக் காட்சியில் இளவரசனும் இளவரசியும் மாலை மாற்றுவார்கள். வழக்கம்போல முதல் வேஷம், இந்த முறை இளவரசன், தனக்குத்தான் என்று நினைத்திருந்தார். அதற்காகத்தான் எல்லாம். வெளியே சொல்ல அவருக்கு வெட்கம்.

கதையைக் கொண்டுவந்ததும் அவர்தான். நியூ லின்னில் அவர் பால் வாங்கும் டெய்ரி என்ற மூலைக்கடையின் முதலாளி ஹான், சியோல் தொலைக்காட்சியில் இளவரசனாக நடித்துப் பேர் எடுத்தவர். கடைக்கு வரும் கொரியப் பெண்கள் பாலை மறந்துவிட்டுக் கையெழுத்தோடு போவார்கள். அவர் நடித்த அரச காதல் தொடரின் வீடியோ கசற்றுகளை இரவல் வாங்கி, நாடகம் எழுதும் நண்பன் சபாரத்தினத்திடம் கொடுத்தார் சோதிலிங்கம். சபாரத்தினம் அதைத் தமிழாக்கினார். கொரிய அரசன் எப்படிக் குனிந்து வணங்குவான் என்று காட்ட ஹானை ஒத்திகைக்கு அழைத்துப் போனதும் சோதிலிங்கம்தான். கெட்டிக்காரன், தானே கூட்டிக்கொண்டு போனார்.

“மச்சான், இந்த முறை வசனத்தை முதலே கசற்றில பதிவம்,” என்றார் சபாரத்தினம். “ஹோல் மைக் சரியில்லை. மேடையில வாயசைச்சாக் காணும்.”

மூன்று ஞாயிறு, பாபகூராவில் சபாரத்தினத்தின் கராஜில், சுற்றிவரப் போர்வை கட்டி, சோதிலிங்கம் உருகினார். மாலைக் காட்சி வசனத்தை உஷாவைப் பார்த்தே பேசினார். அவள் நிலத்தைப் பார்த்தாள். வெட்கமாக்கும் என்று நினைத்துக்கொண்டார்.

விழாவுக்கு ஒரு கிழமை முன்னால், மளிகைக் கடைக் கண்ணாடியில் நாடக நோட்டீஸ். கிரீடத்துடன் ஹான், பக்கத்தில் உஷா. ‘உதவி’ என்ற இடத்தில், கதிரை அடுக்குபவர்களுக்குக் கீழே, சோதிலிங்கம்.

டெலிபோனில் சபாரத்தினம் பதறவே இல்லை. “போன வருசம் பாதி வெறுங்கதிரை. ஹானுக்காகக் கொரியச் சனமே இருநூறு பேர் வருது. குரல் உன்ரதானே மச்சான்!”

“முதலே சொல்லியிருக்கலாமே?”

“சொன்னா நீ பதிஞ்சு தந்திருப்பியே?”

உஷா அடுப்படியில் நின்றாள். “உமக்குத் தெரியுமோ?” என்று கேட்டார்.

“ஓமப்பா. முதல் ஞாயிறே தெரியும். சபாரத்தினம் அண்ணை சொல்லவேண்டாம் எண்டவர்.” கறியைக் கிளறினாள். “நாடகம்தானே, இதில என்ன?”

அது நாடகம் இல்லை என்று அவளிடம் அவர் ஒருநாளும் சொன்னதில்லை.

விழா அன்று ஹான் இடுப்பை வளைத்து வணங்கினார். “நீங்களாகவே குரல் தருகிறீர்கள் என்று சபா சொன்னார். நன்றி,” என்றார் ஆங்கிலத்தில். அந்த மனுசனோடு கோபிக்கவும் வழியில்லை. வசனம் போடும் கசற் பெட்டியைச் சபாரத்தினம் மேடையோரம் சோதிலிங்கத்தின் மடியிலேயே வைத்தார். எந்த வசனம் எங்கே என்று வேறு யாருக்குத் தெரியும்?

கடைசிக் காட்சி. ஹான் மாலையைத் தூக்கினார். சோதிலிங்கம் பெட்டியை நிறுத்தினார்.

ஹோல் அடங்கிப்போனது. “போடு மச்சான், போடு!” என்று சபாரத்தினம் தோளைக் கிள்ளினார். சோதிலிங்கம் அசையவில்லை. வாய் திறந்தபடி நின்று அவமானப்படட்டும், எல்லோரும்.

ஹான் வாயை மூடினார். உஷாவைப் பார்த்தார். ஒரு அடி வைத்தார், பயந்தவர்போல நின்றார். மாலையை மெல்ல அவள் முன்னே நீட்டினார். உஷாவின் கண் நிறைந்து வழிந்தது. பதிவாளரின் மேசையில் அவள் அழவும் இல்லை, சிரிக்கவும் இல்லை. இப்போது தானாகவே தலை குனிந்தாள். முன்வரிசையில் கொரியப் பெண்களும் நம்மூர் மாமிமாரும் ஒன்றாக மூக்குறிஞ்சினார்கள்.

சோதிலிங்கம் விரலைப் பொத்தானில் வைத்தார். அழுத்தினால் அவருடைய குரல் வரும். இந்த இடத்தில் அது வெறும் சத்தம்.

“விடு மச்சான்,” என்றார் சபாரத்தினம், கண்ணைத் துடைத்துக்கொண்டு. “இதுதான் நல்லாயிருக்கு.”

கைதட்டல் தொடங்கியபோது சோதிலிங்கம் பெட்டியின் வயரைச் சுற்றிக்கொண்டிருந்தார்.