"போயித்து வாங்க" என்றார் முதலாளி

எனக்கு வயது எழுபத்தொன்று. வளர்த்தது ஆறு பேரை. நாலு என் வயிற்றில் பிறந்தவை, இரண்டு என் தங்கச்சி விட்டுப்போனவை. ஆறு பேருக்கும் சோறு மில்லில் இருந்துதான் வந்தது. அதை நான் எந்தச் சபையிலும் சொல்லுவேன்.

மில் வாவிக்கரையில் இருக்கிறது. காத்தான்குடி முதலாளியுடையது. முன்பு அவருடைய வாப்பா நடத்தினார், பிறகு இவர். நெல்லை ஊறவைத்து, அவித்து, சீமெந்துக் களத்தில் காயப்போடுவது எங்கள் வேலை. பரப்பிய நெல்லைக் காலால்தான் கிளறுவோம். பாதத்தை நெல்லுக்குள் விட்டு, தூக்காமல், இழுத்து இழுத்து ஒரு கரையில் இருந்து மறுகரைக்கு நடக்க வேண்டும். உழுத வயல் மாதிரிக் கோடு விழும். பிறகு அந்தக் கோட்டுக்குக் குறுக்கே நடக்க வேண்டும். வெயில் ஏற ஏற நெல் சுடும். நடை நிற்கக் கூடாது. எந்தக் களத்தை எப்போது அள்ளுவது என்று சொல்கிற ஆள் நான். நான் வாய் திறக்காமல் அங்கே ஒரு சாக்கு விரியாது.

போன மாரிக்கு முன்னால் பொயிலர் பழுதாகி மில் நின்றது. பெரும்போக நெல் வரும்போது திருத்தித் தொடங்கலாம் என்றார்கள். அன்றைக்கு முதலாளி கேற்றடியில் நின்று ஒவ்வொருவராக வழியனுப்பினார். எனக்கும் சொன்னார், "போயித்து வாங்க அக்கா."

நான் அந்தச் சொல்லை அப்படியே எடுத்து முடிந்து வைத்துக்கொண்டேன். என்னோடு களத்தில் நின்ற மச்சாள் ஒருத்தி இருக்கிறாள். என்னிலும் இளையவள். வழியிலேயே கேட்டாள், இனி என்ன செய்யப் போகிறோம் என்று. அவர் என்னைப் போகச் சொல்லவில்லை, வரத்தான் சொன்னார் என்றேன். அவளுக்குச் சிரிப்பு.

"கறி விக்க வாறவனுக்கும் அதைத்தான் மச்சாள் சொல்லுற. செத்த வீட்டில மட்டுந்தான் சொல்லுறல்ல."

அது உண்மைதான். செத்த வீட்டுக்குப் போனால் போயித்து வாறன் என்று சொல்ல மாட்டோம். சத்தமில்லாமல் எழும்பி நடந்துவிடுவோம். 'வாறன்' என்ற சொல்லை அங்கே வைத்துவிட்டு வரக் கூடாது. ஆனால் மில் செத்த வீடு இல்லையே.

மாரி முழுக்க வீட்டில் இருந்தேன். எங்கள் ஊர் வழக்கத்தில் வீடு பெண்பிள்ளைக்குத்தான். இளைய மகளின் கலியாணத்தோடு அதை அவளுக்கு எழுதிவிட்டு நான் பின்னறைக்கு மாறியவள். மருமகன் வாவியில் வலை போடுகிறவர், நல்ல மனிசன். ஆனாலும் அவர் பிடித்த மீனில் ஒரு துண்டை மகள் என் சோற்றுக் கோப்பையில் வைக்கும்போது, நான் அதை எடுத்துத் திரும்பச் சட்டிக்குள் போட்டுவிடுவேன். நான் உழைத்துத் தின்றவள். மில் நின்ற பிறகு அந்த வீட்டில் நான் விருந்தாளியா, பாரமா என்று எனக்கே தெரியவில்லை.

காலும் சொல்வழி கேட்கவில்லை. விடிந்தால் முற்றத்தில் இறங்கி நடப்பேன். கூட்டின முற்றத்தைத் திரும்பவும் கூட்டுவேன். ஒருநாள் மழை விட்டு வெயில் எறித்தது. மருமகன் வலையைத் தோளில் போட்டபடி நின்று மகளைக் கூப்பிட்டுக் காட்டினார்.

"இஞ்ச பாரு, மாமி மண்ணை அவிச்சுக் காயப்போட்டிருக்கா."

பார்த்தால் முற்றம் முழுக்க என் காலிழுத்த கோடு. எனக்கும் சிரிப்புத்தான் வந்தது. அறைக்குள் போன பிறகுதான் அழுகை வந்தது.

மாசி பிறந்தது. வாவிக்கு அப்பால் படுவான்கரை வயல் வட்டைகளில் நெல் வெட்டுத் தொடங்கிவிட்டது. நெல் லொறிகள் பாலத்தைக் கடந்து எங்கள் றோட்டால் போயின. எந்த லொறியும் வாவிக்கரைப் பக்கம் திரும்பவில்லை. ஒவ்வொரு லொறிக்கும் நான் வேலியடிக்குப் போய்ப் போய்ப் பார்த்தேன்.

அந்தக் கிழமையில்தான் மச்சாளின் மகள் வந்தாள். குவைத்தில் இருந்து திரும்பிய பிள்ளை. தேற்றாத்தீவு மெயின் றோட்டில் சாப்பாட்டுக்கடை திறக்கப்போவதாகச் சொன்னாள். காலையில் பிட்டு அவிக்க நான் வர வேண்டுமாம். வெள்ளிக்கிழமை திறப்பு. அதற்குள் ஓம் என்றோ இல்லை என்றோ சொல்ல வேண்டும், கதிரவெளியில் இருந்து இன்னொரு மனிசியும் வந்து தங்கி வேலை செய்யத் தயாராம்.

"நீங்க யோசிங்க மாமி. ஆனா கனக்க யோசிக்காதங்க."

எனக்குச் சுருக்கென்றது. இவளுடைய தாயை நான் களத்தில் ஏவினவள். இப்போது மகள் என்னை ஏவுவதா? அதோடு, நான் பிட்டுப் பானையைத் தொட்ட அடுத்த நாள் முதலாளி ஆள் அனுப்பினால்? என் இடத்தில் வேறொருத்தி நின்று "அள்ளுங்க" என்றால்? என் மகள் போகச் சொன்னாள், மருமகன் இருக்கச் சொன்னார். இரண்டு பேரோடும் கோபித்தேன். படுக்கவும் முடியவில்லை, குந்தவும் முடியவில்லை.

வியாழக்கிழமை வெள்ளைச் சீலையை உடுத்துக்கொண்டு மில்லுக்கே போனேன். நேரே கேட்டுவிடுவது என்றுதான் போனேன். களத்தில் நெல் இல்லை. யாரோ வாடகைக்கு எடுத்து, சீமெந்துக் கல் அரிந்து வரிசையாகக் காயப்போட்டிருந்தார்கள். நான் கால் இழுத்த இடமெல்லாம் கல்.

முதலாளி கதிரை எடுத்துப் போட்டார், பிளேன்ரீ ஊற்றுவித்தார். பிள்ளைகளைப் பற்றிக் கேட்டார், முழங்கால் நோவைப் பற்றிக் கேட்டார். நான் மில்லைப் பற்றிக் கேட்டேன்.

"திறக்கத்தான் வேணும் அக்கா. பொறுங்க, பாப்பம்."

அவர் பொய் சொல்லவில்லை. அவருக்கும் ஆசைதான். ஆனால் சொல்லும்போது பார்வை கல்லின் மேல் இருந்தது. நான் ரீயைக் குடித்து முடித்துக் கோப்பையை வைத்தேன். எழும்பினேன். போயித்து வாறன் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன், வரவில்லை. அப்படியே நடந்துவிட்டேன். கேற்றுக்கு வந்த பிறகுதான் செய்தது விளங்கியது. திரும்பிப் பார்த்தேன். அவர் கதிரையை விட்டு எழும்பி நின்றார். அவருக்கும் விளங்கிவிட்டது.

வீட்டுக்குப் போகாமல் பஸ் ஏறித் தேற்றாத்தீவில் இறங்கினேன். அந்தப் பிள்ளை கடைச் சுவருக்குச் சுண்ணாம்பு அடித்துக்கொண்டு நின்றாள். வாறன் என்றேன். ஆனால் மா குழைக்கிற இடத்தில் என் சொல்தான், ஆரும் குறுக்கே வரக் கூடாது என்றும் சொன்னேன். அவள் தூரிகையைக் கீழே வைத்தாள்.

"ஓம் மாமி. காசுப் பெட்டியடிக்கு மட்டும் நீங்க வராதங்க."

வாய்க்காரிதான். தாயிடம் இருந்து வந்தது. அந்தத் தாய் இப்போது கடையில் எனக்குப் பக்கத்தில் இருந்து தேங்காய் திருவுகிறாள்.

மனம் ஆறிவிட்டது என்று சொல்ல மாட்டேன். லொறிச் சத்தம் கேட்டால் மாக்கையோடு வாசலுக்குப் போகிறேன். பொயிலருக்குப் புளியந்தீவில் இருந்து ஆள் வந்து பார்த்துவிட்டுப் போனதாக ஒரு கதை. முதலாளி கூப்பிட்டால் என்ன செய்வீர்கள் என்று மகள் கேட்டாள். முதலில் கூப்பிடட்டும், மறுகா பார்ப்போம் என்றேன். நாளைக்கு விடிய எழும்ப வேண்டும். மா வறுத்து வைத்தாயிற்று.

சரி புள்ள, அம்மம்மா சொல்லச் சொல்ல நீ எழுதினது காணும், நிப்பாட்டு. முதல்ல இருந்து வாசி, கேப்பம். மெல்ல வாசி.