ஆமைக்கு எந்த ரூம்

எழுபது வயதைத் தாண்டிய ஒருத்திக்குத் தான் ஒரு ஆமை என்று தெரியவந்தால் அவள் என்ன செய்வாள்? நான் எழுந்துபோய் அரிசி களைந்தேன். குக்கர் வைக்கிற நேரம் அது.

சொன்னது என் மருமகளின் போன். அவள் ஒரு கம்பெனியில் ஆட்களை வேலைக்கு எடுக்கிற பிரிவில் இருக்கிறாள். வருகிறவர்களிடம் இது பிடிக்குமா, அது பிடிக்குமா என்று வரிசையாகக் கேட்டு, இவர் இன்ன மாதிரி ஆள் என்று கண்டுபிடிக்கிற பரீட்சை ஒன்று இருக்கிறதாம். பர்சனாலிட்டி டெஸ்ட் என்று பெயர். அதை எங்கள் வீட்டு ஹாலில் உட்கார்ந்து எனக்கும் என் நாத்தனாருக்கும் நடத்தினாள். எல்லாம் ஒரு ரூமுக்காக.

அப்போது குரோம்பேட்டையில் வாடகைக்கு இருந்தோம். மகன் ராஜகீழ்ப்பாக்கத்தில் ஃபிளாட் வாங்கியிருந்தான். முதல் மாடி, மூன்று படுக்கையறை. நடுவில் இருப்பது மகனுக்கும் மருமகளுக்கும். மீதியில் ஒன்று எனக்கு, ஒன்று நாத்தனாருக்கு. நாத்தனார் என் வீட்டுக்காரரின் தங்கை. கல்யாணம் வேண்டாம் என்று இருந்துவிட்டவள். பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக இருந்து ரிடையர் ஆனாள். வீட்டுக்காரர் காலமான பிறகும் எங்களோடுதான் இருக்கிறாள். மருமகளுக்கு நான் அத்தை, அவள் டீச்சரத்தை.

இரண்டு ரூமும் ஒன்றில்லை. முன்பக்கத்து ரூமுக்கு ஒரு பால்கனி உண்டு. அங்கே நின்றால் வேளச்சேரி ரோடே நம் காலடியில். பஸ் ஸ்டாப், டீக்கடை, ஷேர் ஆட்டோ, பூக்காரம்மா என்று எல்லாம் கீழே இருக்கும். பின்பக்கத்து ரூமின் ஜன்னலைத் திறந்தால் அடுத்த கட்டடத்தின் பாத்ரூம் குழாய்கள். பூச்சுவேலை நடக்கும்போது ஒரு நாள் பார்க்கப் போயிருந்தோம். நான் அந்தப் பால்கனியில் போய் நின்றேன். கீழே ஒரு கண்டக்டருக்கும் ஒரு மீசைக்காரருக்கும் சில்லறைச் சண்டை. முடிகிற வரை நான் நகரவில்லை. இந்த ரூம்தான் எனக்கு வேண்டும் என்று மனதுக்குள் முடிவு செய்துவிட்டேன். வாயைத் திறந்து சொல்லியிருக்கலாம். சொல்லத் தெரிந்தவளாக இருந்தால் இந்தப் பாடெல்லாம் எதற்கு?

மருமகள் நேராகத்தான் கேட்டாள்.

"அத்தை, உங்களுக்கு எந்த ரூம்?"

"எதா இருந்தா என்னம்மா. தலை சாய்க்க இடம் இருந்தா சரி."

"டீச்சரத்தை, உங்களுக்கு?"

"அண்ணி எடுத்துக்கிட்டது போக மீதி எது இருக்கோ அது."

"ரெண்டு பேரும் இப்படியே சொல்லிட்டிருந்தா நான் என்ன பண்றது? இருங்க, யார் எப்படின்னு பார்த்து நானே பிரிச்சுடறேன். சயன்டிஃபிக்கா."

முதலில் என் முறை. போனில் கேள்விகள் இங்கிலீஷில் இருந்தன. நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள் என்பதால் ஒவ்வொன்றையும் தமிழில் சொல்லிச் சொல்லிக் கேட்டாள்.

"கூட்டமா இருக்கற இடத்துக்குப் போனா உங்களுக்கு உற்சாகமா இருக்குமா அத்தை?"

"நமக்கு எதுக்கும்மா அதெல்லாம்."

"சரி, இல்லைன்னு போடறேன். புது ஆளுங்ககிட்ட நீங்களா போய்ப் பேசுவீங்களா?"

"சேச்சே."

"வீட்டுல தனியா அமைதியா இருக்கப் பிடிக்குமா?"

"இருன்னா இருந்துக்குவேன்."

"ஆமாம். உங்களுக்கு என்ன வேணும்னு மத்தவங்ககிட்ட தெளிவா சொல்லுவீங்களா?"

"எனக்குன்னு தனியா என்னம்மா வேணும்."

இப்படியே போயிற்று. எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. ஒரு கேள்விக்காவது வாய்த்துடுக்காகப் பதில் சொன்னேன் என்று யாரும் சொல்ல முடியாது அல்லவா.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். எங்களுக்கெல்லாம் ஒரு பழக்கம் உண்டு. யார் வீட்டுக்காவது போகும்போது அவர்கள் "காபி சாப்பிடறீங்களா?" என்று கேட்டால், உடனே சரி என்று சொல்வதில்லை. "இப்பதான் குடிச்சிட்டு வந்தேன்" என்போம். குடித்திருக்கவே மாட்டோம். கேட்டவர்களுக்கும் அது தெரியும். "பரவாயில்லை, அரை டம்ளர்" என்பார்கள். "ஐயோ, எதுக்கு உங்களுக்குச் சிரமம்" என்போம். டம்ளர் நிறைய வரும். இது பொய்யில் சேராது. முதல் வேண்டாம் மரியாதைக்கு. இரண்டாவது வேண்டாம் கேட்கிறவர்கள் மனதாரக் கேட்கிறார்களா என்று பார்க்க. அதற்குப் பிறகு சொல்வதுதான் பதில்.

அந்தப் போனுக்கு இது தெரியவில்லை. ஒரு தடவை கேட்டது, வேண்டாம் என்றேன், அடுத்த கேள்விக்குப் போய்விட்டது. இன்னொரு தடவை கேட்கும், கேட்கும் என்று நானும் கடைசி வரை பார்த்துக்கொண்டே இருந்தேன்.

அடுத்தது நாத்தனார். அவளுக்குத் தமிழில் சொல்ல வேண்டியதில்லை. போனைக் கையில் வாங்கிக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, "பேசக் கூடாது" என்று எங்களை ஒரு பார்வை பார்த்துவிட்டு ஆரம்பித்தாள். மடமடவென்று முடித்துவிட்டு, "இன்னும் நேரம் இருக்கா? ஒரு தடவை சரிபார்த்துக்கறேன்" என்றாள்.

முடிவு ஒரு மிருகத்தின் படமாக வரும் போலிருக்கிறது. அவளுக்குச் சிங்கம் வந்தது. கூட்டத்தைக் கண்டால் உற்சாகம், முன்னால் நின்று நடத்துகிறவர், சத்தமும் சந்தடியும் இவருக்குச் சாப்பாடு மாதிரி. எனக்கு ஆமை. தனிமை விரும்பி, ஓட்டுக்குள்ளேயே இருப்பவர், தொந்தரவு செய்யாதீர்கள்.

"கிரகப்பிரவேசத்துக்கு நாள் பார்த்திருக்கற நேரத்துல ஆமையா வந்திருக்கீங்களே அண்ணி" என்றாள் நாத்தனார். ஆமை புகுந்த வீடு உருப்படாது என்று பழமொழி இருக்கிறதே, அதைத்தான் குத்திக் காட்டினாள்.

"விடுங்க அத்தை" என்றான் மகன் அவளிடம். "வீடு சரிப்படலைன்னா வண்டலூர் பக்கத்துலதான் இருக்கு. ரெண்டு பேருக்கும் ஜூவுல இடம் கேட்டுப் பார்க்கலாம்."

ஆகவே ரோட்டுப் பக்க ரூம் சிங்கத்துக்கு, குழாய் பார்த்த ரூம் ஆமைக்கு என்று தீர்ப்பாயிற்று. "உங்களுக்கு ஏத்த மாதிரி அமைதியா இருக்கும் அத்தை" என்று மருமகள் என் தோளைத் தொட்டுச் சொன்னாள். அவ்வளவு அன்பாகச் சொன்னதை எப்படி மறுப்பது? நான் தலையை ஆட்டினேன்.

புது வீட்டுக்கு வந்தோம். ரூம் அமைதியாகத்தான் இருந்தது. அடுத்த கட்டடத்தில் யார் எப்போது குளிக்கிறார்கள் என்பது தவிர எனக்கு ஒரு சேதியும் இல்லை. மூன்றாம் மாடிக்காரர் குழாயைத் திறந்தால் அப்படியே விட்டுவிட்டுப் போய்விடுகிறார் என்பதைக் கண்டுபிடித்தேன். அதை வைத்துக்கொண்டு எவ்வளவு நேரம் பொழுதைப் போக்குவது?

பிறகு எனக்கு வேலைகள் முளைத்தன. மகனும் மருமகளும் ஆபீஸ் கிளம்பியதும், கறிவேப்பிலைத் தொட்டிக்குத் தண்ணீர் விடப் பால்கனிக்குப் போவேன். அந்தத் தொட்டியைப் பால்கனியில் வைத்ததே நான்தான். பிறகு தலை காயவைக்கப் போவேன். பிறகு உளுந்து புடைக்க. உளுந்தைப் புடைக்காமலே சாப்பிடலாம், இப்போதெல்லாம் சுத்தமாகத்தான் வருகிறது.

நாத்தனார் ஒன்றும் சொல்ல மாட்டாள். நான் உள்ளே நுழைந்ததும், "உங்க ரூம்ல ஃபேன் நல்லா ஓடுது அண்ணி, நான் கொஞ்சம் பேப்பர் படிச்சிட்டு வரேன்" என்று கிளம்பிவிடுவாள். போய்ப் பார்த்தால் என் கட்டிலில் காலை நீட்டிக் குறட்டை விட்டுக்கொண்டிருப்பாள், இரண்டு காதிலும் பஞ்சோடு. முன்ரூமில் விடியற்காலை முதல் பஸ்ஸில் ஆரம்பிக்கிற ஹாரன் அவளைத் தூங்கவே விடவில்லை. கண்ணுக்குக் கீழே கறுத்துப் போயிருந்தது. ஆனால் அவள் வாயிலிருந்து ஒரு வார்த்தை வரவில்லை. சிங்கம் என்று மார்க் வாங்கிவிட்டு எப்படிச் சொல்வாள்? நானும் சொல்லவில்லை. பகலெல்லாம் அவள் என் கட்டிலில், நான் அவள் பால்கனியில். சாயங்காலம் மருமகள் வருகிற நேரத்துக்கு இரண்டு பேரும் அவரவர் கூண்டுக்குத் திரும்பிவிடுவோம்.

பால்கனியில் நின்று நான் யாரிடமும் பேசியதில்லை. பார்ப்பேன், அவ்வளவுதான். கீழே பூக்காரம்மாதான் ஒரு நாள் அண்ணாந்து பார்த்துச் சிரித்தாள். மறுநாள், "டீ குட்ச்சிட்டு வந்துர்றேன், கூடைய ஒரு பார்வை பாத்துக்கமா" என்று கையைக் காட்டிவிட்டுப் போனாள். அது தினசரி ஆகிவிட்டது. எனக்கு ஒரு உத்தியோகம் கிடைத்த மாதிரி இருந்தது.

அப்படி ஒரு நாள் அவள் டீக்கடைக்குப் போன சமயம், ஒரு மாடு வந்தது. பஸ் ஸ்டாப்பில் நின்றவர்களை எல்லாம் ஒதுக்கிக்கொண்டு, தனக்கு எது வேண்டும் என்பதில் சந்தேகமே இல்லாமல், நேராகக் கூடையில் வாயை வைத்தது. நின்றவர்கள் எல்லாரும் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

என்னிடமிருந்து ஒரு சத்தம் வந்தது. அது என் சத்தம் என்று எனக்கே கொஞ்சம் நேரம் கழித்துத்தான் தெரிந்தது. "ஏய், ஏய், மாட்டை ஓட்டுங்கப்பா, பூக்கூடைப்பா, அந்தச் சிவப்புச் சட்டை, உன்னைத்தான், கையில குடை வெச்சுக்கிட்டு என்ன வேடிக்கை பாக்கறே" என்று ரோடே அதிர்ந்தது. சிவப்புச் சட்டை குடையால் மாட்டைத் தட்டினான். ஷேர் ஆட்டோக்காரன் வண்டியை நிறுத்திவிட்டு மேலே பார்த்தான். பூக்காரம்மா டம்ளரோடு ஓடிவந்து, "இன்னா கொரலுமா உனுக்கு. நீ மட்டும் இல்லேன்னா என் மல்லி மொத்தமும் அது வவுத்துல போயிருக்கும்" என்றாள். பஸ் ஸ்டாப் மொத்தமும் அண்ணாந்து என்னைப் பார்த்தது.

அதில் ஒருத்தி என் மருமகள். அன்றைக்குப் பார்த்துத் தலைவலி என்று சீக்கிரமே கிளம்பிவந்து, அப்போதுதான் பஸ்ஸிலிருந்து இறங்கியிருக்கிறாள்.

நான் அப்படியே பால்கனியில் உட்கார்ந்துவிட்டேன். அந்தச் சமயத்தில் எனக்கு உண்மையாகவே ஒரு ஓடு இருந்திருந்தால் உதவியாக இருந்திருக்கும்.

அவள் மேலே வந்தாள். முன்ரூமில் நான். பின்ரூமில் காதில் பஞ்சோடு சிங்கம் குறட்டை விடுகிறது. இரண்டையும் பார்த்துவிட்டு முகம் கழுவப் போனாள். காபி போட்டு நாத்தனாரை எழுப்பி, ஹாலில் இரண்டு பேரையும் உட்காரவைத்தாள்.

"ரெண்டு பேரும் என்கிட்ட பொய் சொன்னீங்களா?"

"நான் ஏன் பொய் சொல்றேன்?" என்றாள் நாத்தனார். "சரியான விடையைத்தான் சொன்னேன். கூட்டத்தோட பழகுவீங்களான்னு கேட்டா, ஆமாம்கறதுதானே சரி? கேள்வியைப் பார்த்தாலே விடை தெரியுது."

"அதுல சரி தப்பே கிடையாது டீச்சரத்தை."

"சரி தப்பு இல்லாததை எதுக்குப் பரீட்சைன்னு வைக்கணும்?"

மருமகள் என் பக்கம் திரும்பினாள். "அத்தை, நீங்க சொல்லுங்க. உங்களுக்கு முன்ரூம் வேணுமா?"

இதற்காகத்தான் எத்தனையோ நாளாகக் காத்திருந்தேன். என் வாய் என்ன சொல்லிற்று தெரியுமா?

"அதெல்லாம் வேண்டாம்மா. எனக்கு இதுவே போதும்."

"சரி அத்தை" என்று அவள் எழுந்துவிட்டாள். அவள் சமையலறை வாசல் வரை போய்விட்டாள்.

நாத்தனார்தான் டம்ளரை நங்கென்று வைத்தாள். "அவ்வளவுதான் கேப்பியா? உங்க அம்மா வீட்டுல ஒரு தடவை கேட்டா யாராவது காபி குடிப்பாங்களா? இன்னொரு தடவை கேளு."

மருமகள் நின்று என்னைப் பார்த்தாள். "அத்தை, முன்ரூம்?"

"எதுக்கும்மா இப்போ. அந்தக் கட்டில் வேற கனம்."

அவள் கட்டில் இருந்த பக்கம் ஒரு பார்வை பார்த்தாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தாள். தலைவலிக்காரி அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. "கட்டிலை நகர்த்தறதைப் பத்திப் பேசறாங்க டீச்சரத்தை. அப்போ சரின்னுதான் அர்த்தம்."

"இது தெரியாமத்தான் ஆபீஸ்ல ஆள் எடுக்கறே" என்றாள் நாத்தனார்.

அன்று சாயங்காலமே மகன் வந்து கட்டிலை மாற்றிப் போட்டான். நிஜமாகவே கனம்தான்.

இப்போது நான் முன்ரூமில் இருக்கிறேன். அந்தப் பரீட்சையைப் பற்றி அடிக்கடி நினைத்துக்கொள்வேன். அது முழுக்கத் தப்பு என்று சொல்ல மாட்டேன். நான் கூச்சக்காரிதான். என் பெயரைச் சொல்லி யாராவது கூப்பிட்டால் இன்றைக்கும் காது சூடாகிறது. ஆனால் கூச்சம் வேறு, தனிமை வேறு. எனக்கு ஊரே வேண்டும், ஆனால் ஊர் என்னைத் திரும்பிப் பார்க்கக் கூடாது. அதற்கு முதல் மாடிப் பால்கனி மாதிரி ஒரு இடம் கிடையாது. இத்தனை வருஷம் நானே என்னை அமைதியானவள் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். எல்லாரும் சொன்னார்கள், சரி என்றேன். அந்தக் கேள்வியை நானும் என்னிடம் ஒரே ஒரு தடவைதான் கேட்டிருப்பேன் போலிருக்கிறது.

ஒரே ஒரு கஷ்டம். மருமகள் இப்போது என்னுடைய வேண்டாம் எதையும் நம்புவதில்லை. நேற்று பாகற்காய்ப் பொரியல் செய்திருந்தாள். எனக்குப் பாகற்காய் ஆகவே ஆகாது.

"போடட்டுமா அத்தை?"

"வேண்டாம்மா."

"கொஞ்சமா?"

"வேண்டாம்மா, நிஜமாவே."

"நிஜமாவேன்னு வேற சொல்றாங்க" என்று நாத்தனாரைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டிவிட்டு, இரண்டு கரண்டி போட்டாள். நன்றாகத் தூங்கித் தெளிந்த முகத்தோடு நாத்தனார், "சாப்பிடுங்க அண்ணி, உடம்புக்கு நல்லது" என்றாள். அவளுக்கு எல்லாம் தெரியும்.

தட்டை எடுத்துக்கொண்டு காற்றாடச் சாப்பிடுகிறேன் என்று பால்கனிக்கு வந்தேன். கீழே அந்த மாடு நின்றுகொண்டிருந்தது. பாகற்காயைக் கைநிறைய அள்ளி, அதற்கு நேராக நீட்டிக் காட்டினேன். வேண்டாம் என்பது போலத் தலையை ஆட்டிற்று.

இன்னொரு தடவை கேட்டேன்.