கனமில்லாத வெள்ளை

1. தூக்கிப் பார்ப்பது

பெயிண்ட் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் என் கையில் பிரஷ் தரவில்லை. கருப்பையா மேஸ்திரி ஒரு டின்னைத் தூக்கச் சொன்னார். தோள் இறங்கிப்போனது.

"இதுதான்டா அசல் ஈய வெள்ளை. லேசா இருந்துச்சுன்னா களவாணிச் சரக்கு" என்றார்.

வேலை பிடிக்கப் போகும் வீட்டிலெல்லாம் இதே பழக்கம்தான். வீட்டுக்காரர் கையில் டின்னைக் கொடுத்துத் தூக்கிப் பார்க்கச் சொல்வார். தூக்கியவர் வேலையைக் கொடுத்துவிடுவார்.

அந்தக் கனம் எங்கள் உடம்புக்குள் இறங்குவது தெரியாது. பழைய பெயிண்டை உப்புத்தாள் போட்டுத் தேய்ப்போம். தூசி மூக்கிலும் வாயிலும் போகும். கருப்பட்டி தின்றால் ஈய விஷம் முறியும் என்று மேஸ்திரி ஆளுக்கொரு துண்டு தருவார். தின்றோம். தித்தித்தது, அவ்வளவுதான்.

2. அந்தோணி மச்சானின் கை

என் அக்காள் புருஷன் அந்தோணியும் எங்கள் செட்டில்தான் இருந்தார். ஜன்னல் சட்டத்துக்கு அவர் கோடு இழுத்தால் கண்ணாடியில் ஒரு சொட்டுப் படாது. அவருக்கு வயிறு முறுக்கி வலி வந்தது. மிஷன் ஆஸ்பத்திரி டாக்டரம்மா ஈறில் இருந்த நீலக்கோட்டைப் பார்த்தார். வலது மணிக்கட்டை நிமிர்த்தச் சொன்னார். பாதிதான் நிமிர்ந்தது. ஈயத்தை விட்டால் தேறும், இனித் தொட்டால் கை விழுந்துவிடும் என்றார்.

மச்சானுக்கு வேறு வேலை தெரியாது. நான் டவுனில் பெயிண்ட் கடைக்காரரிடம் போய் வழி கேட்டேன். சீமையிலிருந்து டைட்டானியம் வெள்ளை என்று புதுச் சரக்கு வந்திருக்கிறது, அதில் ஈயம் இல்லை, கொஞ்சம் பூசினாலே நன்றாக மூடும் என்றார். விலைதான் அதிகம். திருவாங்கூர்க் கடற்கரையின் கருமணலைக் கப்பலில் கொண்டுபோய், அங்கே வெள்ளையாக்கி அனுப்புகிறார்களாம். நம் மண்ணிலேயே மருந்து கிடந்திருக்கிறது என்று மாதாவுக்கு நன்றி சொன்னேன். அவசரப்பட்டுவிட்டேன்.

3. விளாங்குடி பங்களா

அப்போது விளாங்குடியில் ஒரு பஞ்சு வியாபாரியின் பங்களாவில் கதவு, ஜன்னல் வேலை பிடித்திருந்தோம். பழுப்பேறாது என்று மேஸ்திரி எடுத்துச் சொன்னதும் அவர் புது வெள்ளைக்குச் சம்மதித்தார். டின்கள் வந்து இறங்கின. வியாபாரி, வழக்கம்போல, ஒன்றைத் தூக்கினார். பக்கத்தில் கிடந்த ஈய வெள்ளையையும் தூக்கினார்.

"என்ன மேஸ்திரி, இம்புட்டுத்தான் கனமா? கூடக் காசு வாங்கிட்டு எனக்கே பஞ்சு விக்கிறியா?"

இது மணலிலிருந்து எடுக்கிற வேறு சரக்கு என்று நான் விளக்கினேன்.

"கருப்பு மண்ணுலருந்து வெள்ளையா? காக்காய்க்கும் கொக்குக்கும் கல்யாணம் பண்ணிவைப்பே போல." கூட இருந்தவர்கள் சிரித்தார்கள்.

மச்சான் முன்னே வந்தார். "ஐயா, இதுல விஷம் இல்லைங்க. என் கைக்காகத்தான் மாப்ள கேட்டு வாங்கியாந்தாப்ல."

"விஷமிருந்தா எனக்கென்னய்யா? நான் என்ன கதவை நக்கவா போறேன்?"

நான் மேஸ்திரியைப் பார்த்தேன். கனம் பார்க்கச் சொல்லிக் கொடுத்தவர் அவர்தான். கனத்தை விடுங்கள், ஒரு பலகையில் பூசிக் காட்டுகிறேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அப்படிச் சொன்னால் இத்தனை நாள் வீடு வீடாகச் சொன்னது என்னாவது? அவர் புது டின்களைத் திரும்ப வண்டியில் ஏற்றிவிட்டு, ஈய வெள்ளையிலேயே வேலையைத் தொடங்கச் சொன்னார்.

போய்விடலாம் என்று மச்சானைக் கூப்பிட்டேன். "போயி என்னத்தத் திங்க, மாப்ள?" என்று உப்புத்தாளை எடுத்தார். பங்களா முடிவதற்குள் கை விழுந்துவிட்டது. கருப்பையா மேஸ்திரி ஒரு சிப்பம் கருப்பட்டி கொடுத்தனுப்பினார். அக்காள் அதை வாசலிலேயே வைத்துவிட்டாள்.

இப்போது பெயிண்ட் வேலைக்கு வரும் பிள்ளைகளுக்குச் சொல்கிறேன். வீட்டுக்காரர் கையில் டின்னைக் கொடுக்காதீர்கள். பலகையில் பூசிக் காட்டுங்கள். கேட்காவிட்டால் அந்த வீடு வேண்டாம். இது எனக்குக் காலம் கடந்துதான் தெரிந்தது.

ஞாயிறு பூசையில் மச்சான் என் பக்கத்தில்தான் நிற்பார். சிலுவை போடும் நேரம் இடது கையால் வலது கையைத் தூக்கி நெற்றிக்குக் கொண்டுபோவார். இடது கையாலேயே போட்டாலும் ஆண்டவர் குறை சொல்லமாட்டார் என்று ஒருநாள் சொன்னேன்.

"இதோட கனம் அவருக்கும் தெரியட்டுமே, மாப்ள" என்றார்.