ஹபிபுல்லா வைத்த சந்தனம்

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் இரும்பைத் தண்ணீரால் மிரட்டிப் பணியவைக்கும் ஒரே ஆண்மகன் தான்தான் என்பது ஹபிபுல்லாவின் திடமான கருத்து. பூந்தமல்லியிலிருந்து பைக்கில் வந்து இறங்கும்போதே படைத்தளபதியின் நடை. இரும்புக் குழாயை அச்சுக்குள் படுக்கவைப்பார். இரு முனையையும் அடைப்பான்கள் வந்து இறுக்கும். உள்ளே தண்ணீரின் அழுத்தம் ஏற ஏற, குழாய் உப்பி அச்சின் வடிவத்துக்கு வந்துவிடும். காரின் எஞ்சினைத் தாங்கும் சட்டம், ஒட்டே இல்லாமல், ஒரே துண்டாக.

ஒட்டுப் போட்டே பிழைக்கும் வெல்டர் வேம்புலிக்கு இது பொறுக்குமா? "இன்னா மாமே, பலூன் ஊதிகினு கீறியா?" என்பான்.

"போடா, உன் பத்த வெக்கிற வேலைய பாரு."

முதலாளி சண்முகசுந்தரத்துக்கோ பொறுமை தீர்ந்துவிட்டது. கார் கம்பெனியின் சாவித்திரி மேடம் மாதிரித் துண்டை இன்று பாஸ் செய்யாவிட்டால் மிஷினை விற்றுவிடுவதென்று முடிவு கட்டிவிட்டார். விலை பேசியவர் மத்தியானம் வருகிறார்.

மேடம் வந்தார். ஹபிபுல்லா கல்யாண மாப்பிள்ளையின் மிடுக்கோடு பொத்தானை அழுத்தினார். அழுத்தம் ஏறியது. திடீரென்று இடது முனையிலிருந்து தண்ணீர் பீய்ச்சியடித்து, மேடத்தின் கண்ணாடியையும் முதலாளியின் சட்டையையும் வேம்புலியின் சிரிப்பையும் பாரபட்சமின்றி நனைத்தது. குழாய் பாதி உப்பிய கன்னத்தோடு கிடந்தது.

"குழாய் சரியில்லையோ?" என்றார் மேடம்.

"ஆமாங்க, குழாய்தான்!" முதலாளி கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.

"அப்போ புதுக் குழாய் வரட்டும். அடுத்த மாசம் பாக்கலாம்."

அடுத்த மாதம் மிஷின் எங்கே இருக்கும்? ஹபிபுல்லா அடைப்பானைத் தடவினார். விரலில் மஞ்சளாக ஒட்டியது.

முந்தாநாள் ஆயுத பூஜை. இந்த மிஷினுக்கு அது முதல் பூஜை. தன் மிஷினை வேறு எவனும் தொடக்கூடாதென்று சந்தனக் கிண்ணத்தைப் பிடுங்கிக்கொண்டவர் அவர். மற்ற மிஷின்களுக்கெல்லாம் நெற்றியில் வைத்தார்கள். கலையுணர்ச்சி மிக்க ஹபிபுல்லா, வட்டமாகப் பளபளத்த அடைப்பானின் முகத்திலேயே அப்பியிருந்தார். காய்ந்த சந்தனத்தின் மேல் அடைப்பு எப்படி இறுகும்?

"குழாய் மேல தப்பில்ல மேடம். சந்தனம் வெச்சது நான்தான். பக்தி கொஞ்சம் ஜாஸ்தியா பூட்ச்சு."

"பாய், உனக்கு ஏன் இந்த வேலை?" என்றான் வேம்புலி.

"என் மிஷினுக்கு நான் வெக்காம, நீயா வெப்ப?"

மேடம் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே சிரித்துவிட்டார். "தொடச்சிட்டு இன்னொண்ணு போடுங்க."

துடைத்தார், போட்டார். சொட்டுக்கூடக் கசியவில்லை. மேடம் திருப்பித் திருப்பி அளந்து பார்த்துவிட்டு, "பாஸ்" என்றார்.

முதலாளி உடனே போனை எடுத்தார். "வராதீங்க சார், மிஷின் வேலையில கீது."

பொய்யில்லை. அதற்குள் ஹபிபுல்லா அடுத்த குழாயைப் படுக்கவைத்திருந்தார்.