எழுபத்திரண்டாம் நம்பர் ஆட்கள்

சின்ன உருவங்கள் விற்கும் இணையக் கடை நல்லதா என்று அறிய, இப்போதும் நான் முதலில் தேடுவது ஒரு படத்தை: உருவத்துக்குப் பக்கத்தில் ஒரு நாணயக் குத்தி. அது இல்லாவிட்டால் அந்தப் பக்கத்தை மூடிவிடுவேன். இதை எனக்குப் படிப்பித்தது எங்கள் ஊரான ஊர்காவற்றுறையில் கொண்டாடிய ஒரு நத்தார்ப் பண்டிகை.

போர்நிறுத்தத்தில் வெளியூர்ப் பாதை திறந்து, யாழ்ப்பாணத்தில் நெற் கபேக்கள் முளைத்திருந்த காலம். நான் அங்கே கணினி வகுப்புக்குப் போய்வந்தேன். அந்த வருடம் கோயிலில் பாலன் குடில் கட்டும் முறை எங்கள் வட்டாரத்துக்கு. கடற்றொழில் செய்யும் அப்பா, குடிலை எங்கள் துறை போலக் கட்டப்போவதாகவும், இறங்குதுறையில் முப்பது பேர் நின்று பாலனைப் பார்ப்பார்கள் என்றும் பூசை முடிந்த கையோடு எல்லோருக்கும் சொல்லிவிட்டார். கோயிலில் இருந்த மாதாவும் சூசையப்பரும் விரல் நீளம். அதே அளவில் முப்பது பேருக்கு எங்கே போவது?

வகுப்பு முடிந்து நெற் கபேயில் தேடினேன். பொழுதுபோக்காகச் சின்ன உருவங்களைச் சேர்ப்பவர்களுக்கான வெளிநாட்டுக் கடை ஒன்று அகப்பட்டது. படங்கள் மேலிருந்து கீழாக அவ்வளவு மெதுவாக இறங்கின; தலையும் தோளும் தெரியும்போதே கடைசி பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. இரண்டு வரிகளை மட்டும் கொப்பியில் எழுதிக்கொண்டேன். கிராமத்து ஆட்கள், 32. கிராமத்து ஆட்கள், 72. அந்த இலக்கம் எதைக் குறிக்கிறது என்று அங்கே ஒரு சொல்கூட இல்லை.

அப்பா கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டே நான் வாசித்ததைக் கேட்டார்.

"எழுபத்திரண்டை எடு, பிள்ளை."

"ஏனப்பா?"

"வலை நூலிலை ஒன்பதைவிடப் பன்னிரண்டு தடிப்பு. நம்பர் கூடினா ஆளும் பெருப்பம்தானே."

நான் பாடசாலையில் தொழில்நுட்ப வரைதல் படித்தவள். ஒன்றை எத்தனையாகப் பிரிக்கிறோமோ அத்தனைக்குச் சிறிதாகும் என்று பரீட்சையில் எழுதியவள். ஆனால் அப்பாவின் நியாயம் அவ்வளவு ஒழுங்காக இருந்தது. 72 இலேயே முப்பது பேரை வாங்கி அனுப்பும்படி லண்டனிலிருந்த அண்ணாவுக்கு மின்னஞ்சல் அனுப்பினேன்.

நத்தாருக்கு நாலு நாள் இருக்க, லண்டனிலிருந்து ஊருக்கு வந்த ஒருவர் பெட்டியைக் கொண்டுவந்து தந்தார். திறந்தோம். முப்பது பேரும் இருந்தார்கள், ஒவ்வொருவரும் ஒரு கச்சான் கடலைக் கோது அளவில். 72 என்றால் நிஜ ஆளின் உயரத்தில் எழுபத்திரண்டில் ஒரு பங்கு; விரல் நீளத்துக்கு 32 ஐ எடுத்திருக்க வேண்டும். எல்லோரும் சாம்பல் நிறம். வர்ணம் நாங்கள்தான் பூசவேண்டும் என்பதையும் கடை சொல்லியிருக்கவில்லை.

அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தார்.

"இது ஆக்களோ, நெத்தலியோ?"

"கொஞ்சம் பேசாமல் இரும்," என்றார் அப்பா.

"நான் ஏன் பேசாமல் இருக்க? முப்பது பேர் எண்டு வட்டாரத்துக்கே சொன்னது நீங்கள். இனித் தூரத்திலை நிக்கினம் எண்டு சொல்லுங்கோ."

அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"ஓம். தூரத்திலைதான் நிக்கினம். காரைநகர்ப் பக்கம்."

எங்களுக்கும் காரைநகருக்கும் இடையில் ஒடுங்கிய கடல்தான். அக்கரையில் படகுக்கு நிற்பவர்கள் இங்கிருந்து பார்த்தால் இந்த அளவில்தான் தெரிவார்கள். அப்பா முன்பே கட்டிய இறங்குதுறையை வெறுமையாக விட்டார். முகம் பார்க்கும் கண்ணாடியைக் கடலாகக் கிடத்தி, அதற்கு அப்பால் இன்னொரு குட்டித் துறையைக் கட்டினார். வள்ளத்துக்கு அடித்து மிஞ்சிய நீலமும் சிவப்பும் என் நகப்பூச்சும் கொண்டு, தீக்குச்சி முனையால் நான் முப்பது பேருக்கும் சாரமும் சேலையும் உடுத்தினேன்.

நத்தாரன்று குடிலைப் பார்க்கச் சனம் நெருக்கியது. அயல் வீட்டு அக்கா நெடுநேரம் குனிந்து நின்றார்.

"அந்த நீலச் சீலை நான்தானே? எவ்வளவு நேரமா நிக்கிறன், ஒரு வள்ளமும் வரேல்லையோ?"

"வரும், பொறும்," என்றார் அப்பா, சிரிக்காமல்.

தை மாதம் அந்தக் கடைக்கு ஒரு பட்டியல் எழுதி அனுப்பினேன். உயரத்தை அங்குலத்தில் போடுங்கள். பக்கத்தில் ஒரு குத்தியை வைத்துப் படம் எடுங்கள். வர்ணம் பூசியதா என்று சொல்லுங்கள். படத்தைச் சிறிதாக்குங்கள், எங்களுக்கு பஸ் இருக்கிறது. அடுத்த வாரமே நன்றி சொல்லிப் பதில் வந்தது. சில மாதங்களின் பின் பார்த்தபோது, ஒவ்வோர் ஆளுக்கும் பக்கத்தில் ஒரு குத்தி இருந்தது. எழுதினால் பதில் போடும் கடை என்பதையும் என் கொப்பியில் சேர்த்துக்கொண்டேன்.

கோயில் அடுத்த வருடக் குடிலையும் எங்களிடமே தந்தது. அப்பா என் கொப்பியை வாங்கிப் பார்த்தார்.

"இந்தமுறை முப்பத்திரண்டு எடு, பிள்ளை. அக்கரையிலை நிண்டவை வந்து இறங்கவேணுமெல்லே."