கத்திப் பிடியில் ஒரு பொட்டு

அம்மா ரப்பர் தோட்டத்தில் பால்மரம் சீவிய கத்தி ஒன்றுதான். பிள்ளைகள் நாங்கள் மூன்று பேரும் அதைக் கேட்டோம். சிரம்பானில் பொருள்களை லேசரில் ஸ்கேன் செய்து, அப்படியே நகல் எடுத்துத் தரும் கடையில்தான் எனக்கு வேலை. "ஆளுக்கு ஒன்று செய்து தருகிறேன், சண்டை போடாதீங்க லா" என்று லோபாக்கில் இருந்த அம்மா வீட்டிலிருந்து கத்தியை வாங்கிப் போனேன்.

நகல்களைக் கையில் எடுத்தபோதுதான் கவனித்தேன். மூன்று பிடியிலும் ஒரு மேடு. அம்மா கத்தியைக் கழுவித் துடைத்து, பிடியில் தடிப்பாகச் சந்தனம் வைத்துக் கொடுத்திருக்கிறாள். நானும் துடைக்காமல் ஸ்கேன் செய்திருக்கிறேன். தப்பு என்னுடையது, கோபம் மட்டும் அம்மா மேல். வீட்டுக்குப் போய்க் கத்தினேன்.

"வேலைக்குப் போற கத்தியைப் பொட்டு வைக்காமலா அனுப்புவாங்க?" என்றாள்.

தோட்டத்து ஆயுத பூசை ஞாபகம் வந்தது. கத்தி, பால் வாளி, அப்பாவின் சைக்கிள் என்று வரிசையாகப் பொட்டு வைத்துவிட்டு, மிச்சச் சந்தனத்தை எங்கள் நெற்றியில் துடைப்பாள்.

மறுபடி செய்துகொள்ளலாம் என்று தள்ளிப் போட்டேன். அதற்குள் அம்மா போய்விட்டாள்.

அசல் கத்தியில் சந்தனம் காய்ந்து எப்போதோ உதிர்ந்துவிட்டது. நகலில் அப்படியே இருக்கிறது. மேட்டின் நடுவில் அம்மாவின் விரல் அழுத்திய சின்னக் குழி. என் விரலை வைத்துப் பார்த்தேன்; கொள்ளவில்லை.