டெல்லிக்குப் போன சீனியர்

சீனியர் வராத நாளில் எழுந்து நின்று வாய்தா கேட்பதும், அதற்கு நீதிபதியிடம் திட்டு வாங்குவதும்தான் ஜூனியர் வக்கீலின் தொழில். அந்தத் திட்டை வாங்கியிருக்கும் நண்பர்களுக்கு என் வயிற்றெரிச்சல் புரியும்.

போர்மேன் மட்டும்

திருத்தங்கல் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் மருந்து அறை வெடித்து இரண்டு பெண்கள் செத்துப்போனார்கள். சீசன் நேரம். ஆர்டர் முடிய வேண்டுமென்று அறைக்குள் அளவுக்கு மீறி ஆட்களை உட்காரவைக்கச் சொன்னவர் முதலாளி. போலீஸ் பிடித்துப் போனதோ போர்மேன் கருப்பசாமியை.

என் சீனியர் அப்போது சிங்கம். கருப்பசாமிக்கு ஜாமீன் வாங்கியதோடு நிற்காமல், முதலாளியையும் வழக்கில் சேர்க்கும்வரை விடவில்லை. கருப்பசாமியின் மனைவி காளியம்மாள் கோர்ட் வாசலில் அவரைக் கும்பிட்டாள். "நீங்க இருக்கையில எங்களுக்கு என்னய்யா பயம்" என்றாள்.

யாருடைய ஜீப்

அந்த வழக்கு வாங்கித் தந்த பெயரைப் பார்த்து ஒரு கட்சி அவரைப் பாராளுமன்றத் தேர்தலில் நிறுத்தியது. தன் ஊரான ஆமத்தூரில் காளியம்மாள்தான் அவரை வீடு வீடாகக் கூட்டிப்போனாள். பட்டாசு வேலைக்குப் போகிற பெண்கள் வெந்த கைகளை நீட்டிக் காட்டினார்கள். அந்தக் கைகளைப் பிடித்துக்கொண்டு சீனியர் அழுதார். நான் பக்கத்தில்தான் நின்றேன், அது நடிப்பில்லை.

ஜெயித்தார். வெற்றி ஊர்வலத்தில் அவர் ஏறி நின்ற ஜீப் அதே முதலாளியுடையது. எங்கள் ஆபீஸ் குமாஸ்தாவிடம் பொரிந்து தள்ளினேன். அவர் நிதானமாகச் சொன்னார்: "ஜீப்பு வச்சிருக்கவன்கிட்டதானே ஜீப்பு கேக்க முடியும்? கருப்பசாமிகிட்டயா கேப்பாக?"

ஒத்துக்கொள்ளட்டும்

விசாரணை தொடங்கும் சமயம் டெல்லியிலிருந்து வந்தவர், அடித்துக்கொண்டே இருந்த செல்போனை அணைத்துவிட்டு என்னைத் தனியாகக் கூப்பிட்டார். கருப்பசாமி தன் கவனக்குறைவுதான் என்று ஒத்துக்கொள்ளட்டும், தண்டனை லேசாக முடியும், நீயே பக்குவமாகச் சொல்லிவிடு என்றார். அப்படியானால் முதலாளி தப்பிவிடுவாரே என்றேன். கம்பெனிகளை மூடினால் இந்த ஜனங்களுக்கு யார் சோறு போடுவது என்று என்னையே கேட்டார்.

அன்றைக்கே அந்த ஆபீசை விட்டு வெளியேறினேன். நடந்ததைச் சொன்னபோது காளியம்மாள் அழவில்லை, திட்டவுமில்லை. "அன்னைக்கு அவரு பேசுனதை எல்லாம் நீங்களும் கேட்டுக்கிட்டுத்தானே நின்னீக? அதையே நீங்க பேசுங்க தம்பி" என்றாள்.

மல்லாங்கிணறு மேடை

பேசினேன். கருப்பசாமியின் வக்கீலாக நானே ஆஜராகி, சீனியரின் அதே வாதத்தைக் கோர்ட்டில் வைத்தேன். கருப்பசாமி விடுதலையானார். முதலாளி தன் மேலுள்ள வழக்குக்கு மட்டும் மேல்கோர்ட்டில் தடை வாங்கிவிட்டார். அது இன்னும் அங்கே தூங்குகிறது. செத்துப்போன பெண்களுக்கு இதுவரை யாரும் பதில் சொல்லவில்லை.

கொஞ்ச நாளில் மல்லாங்கிணறில் ஒரு பொதுக்கூட்டம். ஏழைப் போர்மேனை ஜெயிலிலிருந்து மீட்டவன் நான் என்று எம்.பி. முழங்கினார். ஒரே கைதட்டல். என் பக்கத்தில் நின்ற கருப்பசாமி கை தட்டாமல் சொன்னார்: "திருப்பி அனுப்பப் பாத்ததையும் சேத்துச் சொல்லலாம்ல."

ஒரே வழக்கில் இரண்டு பக்கமும் நிற்க வக்கீலுக்குச் சட்டம் இடம் கொடுப்பதில்லை. அதனால்தான் அவர் எம்.பி. ஆனார் போலிருக்கிறது.